பெங்களூருவின் தொழிற்சாலைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்பத் துறையில் பெங்களூரு வட்டாரத்துக்கு உள்ள பலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதமான தட்பவெப்பம், ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள், ஏராளமான பொறியியல் கல்லூரிகள், அரசின் சலுகைகள் என்று அதில் கூறப்பட்ட காரணங்களில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையின் வரலாறே 1985-இல்தான் தொடங்கியது என்பதுபோல் அது எழுதப்பட்டிருந்தது மனத்தை உறுத்தியது. அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக இந்த ஊரில் தகவல்தொடர்புக் கருவிகளைச் செய்தவர்களையும், சோதித்தவர்களையும், பழுது பார்த்தவர்களையும் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் முதன்முதலில் வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்குத்தான். பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. 1971-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில், அதாவது எல்லோரும் ஐ.டி.ஐ. என்று சொல்லும் ஆலையில், அப்ரண்டிஸாகச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். இன்றும் தூரவாணி நகரில்தான் வசிக்கிறேன். தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. ஒரு தொழிலின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட இடம் நாட்டில் எத்தனை இருக்கும்?

1948-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ., சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம். விமானத் தொழிற்சாலை அதற்கு முன்பே, 1940-இல், வந்துவிட்டது. 1953-இல் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி.யும், 1954-இல் ஜாலஹள்ளியில் ராணுவத்துக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் வந்தன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 1909-லிருந்தே, இந்திய அறிவியல் கழகம் இங்கே இருந்தது. மைசூர் அரசு நிலம் கொடுத்தது, மின்சாரம் கொடுத்தது. கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் தள்ளியிருந்த இந்த மேட்டுநிலத்தைப் பாதுகாப்பானதாக மத்திய அரசும் கருதியது. ஆக, ஒரு நகரத்துக்குள் விஞ்ஞானியும், பொறியாளரும், டிப்ளமா படித்தவரும், ஃபிட்டரும், டர்னரும், வயரிங் செய்யும் பெண்களும் ஒருசேர வாழத் தொடங்கினார்கள். என் கருத்தில் இந்த வட்டாரத்தின் முதல் பலம் அதுதான். மற்றவையெல்லாம் அதன்மேல் வந்து அமர்ந்தவை.

எங்கள் பிரிவில் நடந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சுழற்றிய எண்ணுக்குத் தானாகவே இணைப்புத் தரும் அந்நாளைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில், ரிலே எனப்படும் மின்காந்த சுவிட்ச் ஒவ்வொன்றிலும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் செருகிப் பார்த்து, அது எத்தனை கிராம் விசையில் விலகுகிறது என்பதை டென்ஷன் கேஜால் அளந்து, வேண்டிய அளவுக்கு நுனியை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். மயிரிழை தப்பினாலும் எங்கோ ஓர் ஊரில் ஒருவர் சுழற்றிய எண் தவறான இடத்துக்குப் போய்விடும். அடுத்த மேசைகளில் பெண்கள் கேபிள் கட்டுவார்கள். மரப்பலகையில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பிசகாமல் நூற்றுக்கணக்கான கம்பிகளை அந்த ஆணிகளுக்கிடையே ஓட்டி, மெழுகு பூசிய நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாக இறுக்கி, பலகையிலிருந்து எடுத்தால் மரக்கிளைபோல ஒரே உருவாக வந்து நிற்கும். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து அந்த வேலையைச் செய்த எங்கள் அக்காமார் பலர் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவர்கள். ஆனால் சர்க்யூட் வரைபடத்தைப் பொறியாளருக்கு இணையாகப் படிப்பார்கள். ஃபால்ட் வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும் என்ற ஒழுங்கை அந்த மேசைகளில்தான் நான் கற்றேன். இன்று மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கும் என் மகன் தன் வேலையை விவரிக்கும்போது எனக்கு அந்த ஒழுங்குதான் காதில் விழுகிறது.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில் உருவாகி 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது. அதைச் சாத்தியமாக்கியவர் பேராசிரியர் யு.ஆர். ராவ் என்பதை எல்லோரும் அறிவோம். அவருடைய குழு வேண்டிய பாகங்களை ஊருக்குள்ளேயே கடைந்து வாங்கக்கூடிய சூழல் இங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொலைபேசித் துறையிலும் அப்படித்தான். 1984-இல் தில்லியையும் பெங்களூருவையும் மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், குளிர்சாதன வசதி இல்லாமலே நம் கிராமத்து வெயிலையும் தூசியையும் தாங்கும் 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. அதன் முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. வெளிநாட்டு உரிமத்தில் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த எங்களுக்கு, நம்மவர் வரைந்த சர்க்யூட்டைக் கையில் எடுத்துப் பார்த்த அந்த நாள் திருநாளாக இருந்தது.

கட்டுரையாளர் விரிவாக எழுதிய காலம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1976-இல் தொடங்கிய மாநில அரசின் மின்னணு வளர்ச்சி நிறுவனமான கியோனிக்ஸின் ஆர்.கே. பாலிகா, கோணப்பன அக்ரஹாரத்தையும் தொட்டதோகூரையும் சேர்த்த 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் திட்டமிட்டபோது பலர் அதை நம்பவில்லை. 1985-இல் அமெரிக்கச் சில்லு நிறுவனமான டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. அதன் செயற்கைக்கோள் ஆன்டெனா மாட்டு வண்டியில் வந்த புகைப்படம் பலருக்கும் நினைவிருக்கும். 1991-இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்தது, 1997-இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் பிள்ளைகள் இருவரும் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த மாட்டு வண்டி வந்து நின்றது வெறும் பொட்டலில் அல்ல.

இதையெல்லாம் பழம்பெருமைக்காக எழுதவில்லை. இப்போது கருவி உற்பத்தி மீண்டும் இந்த வட்டாரத்துக்கு வருகிறது. எங்கள் கோலார் மாவட்டத்து நரசாபுரத்திலும், தேவனஹள்ளியிலும், எல்லை தாண்டினால் ஓசூரிலும் கைப்பேசிகளும் அவற்றின் பாகங்களும் தயாராகின்றன. சில்லு வடிவமைப்பில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பதும் பெங்களூருதான். வடிவமைப்பவரும் செய்பவரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் வாய்ப்பு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருவுக்கு வந்துபோகும் தங்கவயல் பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய செய்தி என்பதைத் தாங்கள் உணர்வீர்கள்.

என் கவலை பயிற்சியைப் பற்றியது. என் பேத்தி இந்நகரின் தனியார் கல்லூரி ஒன்றில் மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல் படித்து நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். நான்கு ஆண்டுகளில் அவள் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தது இரண்டே முறை. செய்முறை வகுப்புகளில் பெரும்பகுதி கணினித் திரையிலேயே முடிந்துவிட்டது. மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் ஒன்றுக்கு எட்டு மாணவர் என்று வைத்தால், ஒருவர் திருகியதை ஏழு பேர் நோட்டில் எழுதுவதுதானே நடக்கும்? போன விடுமுறையில் பழைய தொலைபேசி ஒன்றைச் சமையலறை மேசையில் பிரித்து வைத்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள், பார்வைக்கு ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தும் உள்ளே பிடிக்காமல் இருந்த ஒரு டிரை ஜாயின்டைத் தானே கண்டுபிடித்து, "தாத்தா, இது பொய் சொல்லுது" என்றாள். அந்தப் படிப்புக்கு நாங்கள் கட்டிய பணத்தை எண்ணி அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே அரசுக்கு என் வேண்டுகோள் இது: பொதுத்துறை ஆலைகள் தம் செலவில் நடத்திவந்த அப்ரண்டிஸ் பயிற்சியைப் பழைய அளவுக்கு மீட்க வேண்டும், டென்மார்க் ஒத்துழைப்போடு 1972-இல் இங்கே தொடங்கிய, அச்சுகளும் வெட்டுக் கருவிகளும் செய்யக் கற்பிக்கும் அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தின் முறையை மின்னணுத் துறைக்கும் விரிவாக்க வேண்டும். டிப்ளமாவும் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் இரண்டாந்தரம் என்று எண்ணி, கடன் வாங்கியாவது பி.ஈ. சேர்த்துவிடும் நம் தமிழ்ப் பெற்றோரிடம் இந்த வேலைகளின் மதிப்பைத் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டும்; எந்தப் பயிற்சி எங்கே கிடைக்கிறது, யார் சேரலாம் என்ற விவரத்தை வாரம் ஒரு முறை வெளியிட்டாலும் போதும்.

எங்கள் குடியிருப்பில் ரிலேவிலிருந்து டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வரை கைப்படச் செய்து பார்த்த முதியவர்கள் பலர் இன்னும் இருக்கிறோம். நகரில் உள்ள ஏதேனும் ஒரு பள்ளியோ சங்கமோ ஒரு நீள மேசையும், மின் இணைப்பும், நல்ல வெளிச்சமும் உள்ள ஓர் அறையை ஒதுக்கினால், சனிக்கிழமைதோறும் வந்து ஊதியம் எதுவுமின்றிக் கற்பிக்க நாங்கள் நான்கு பேர் ஆயத்தமாக இருக்கிறோம். கருவிகள் எங்களிடம் உள்ளன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழிற்சாலை ஊழியர்,
தூரவாணி நகர், பெங்களூரு