பாப்பாவின் லேப்டாப் இசை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மாற்றல் உத்தரவு ரத்தானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேப்பரை மறுபடி முழுசாகப் படிக்கிறார்.

சரி, உன் பாப்பா விஷயம். பியானோவை மூடிவைத்துவிட்டு லேப்டாப்பில் ட்ரான்ஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசை போடுகிறாள், கற்றதெல்லாம் வீண் என்று வருத்தப்பட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்ட்டி என்று ஒரு ரஷ்யக்காரர் இருக்கிறார். முழுப்பெயர் ஆர்ட்டியோம் ஸ்டொல்யாரோவ். 1989இல் வோல்கா கரையில், சராத்தோவுக்கு எதிரே இருக்கும் எங்கெல்ஸ் நகரத்தில் பிறந்தவர். ககாரின் விண்வெளிக்குப் போய்விட்டு வந்து இறங்கியது இந்த ஊர்ப் பக்கம்தான். ஆர்ட்டியும் பியானோவை முறையாகப் படித்துவிட்டு எஃப்எல் ஸ்டுடியோ என்ற கணினி மென்பொருளில் இசை செய்ய வந்தவர்.

2011இல் மேட் ஸோ என்ற இன்னொரு இசைக்காரருடன் சேர்ந்து அவர் செய்த 'ரீபவுண்ட்' லண்டனின் அஞ்சுனாபீட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தில் வெளியானது. கோவாவின் அஞ்சுனா கடற்கரைப் பெயரைத்தான் அந்த நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறது. அதே வருடம் டிஜே மேக் பத்திரிகையின் முன்னணி டிஜேக்கள் பட்டியலில் ஆர்ட்டிக்கு 25ஆம் இடம். வயது 22.

ட்ரான்ஸில் பாதி வழியில் டிரம்ஸ் எல்லாம் அடங்கி, மெட்டு மட்டும் தனியாக நிற்கும் ஓர் இடம் வரும். பிரேக்டவுன் என்பார்கள். அங்கே மெட்டில் சரக்கு இல்லையென்றால் எந்த எஃபெக்ட் போட்டாலும் நிற்காது. ஆர்ட்டி ஜெயிப்பது அந்த இடத்தில்தான். எந்த கார்டுக்கு (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பின் எது வந்தால் மனசு பொங்கும் என்பது பியானோ பழகிய விரலுக்குத் தெரிகிறது. நீ அனுப்பிய பாப்பாவின் இசைத் துண்டிலும் அந்தப் பிடி இருக்கிறது. நிஜமாகவே சொல்கிறேன்.

பிறகு அவர் பாடகர்களோடு பாப் பக்கம் போனார். 2015இல் வந்த 'குளோரியஸ்' ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அப்புறம் ஆல்ஃபா 9 என்ற தன் பழைய புனைபெயரை எடுத்துக்கொண்டு ட்ரான்ஸுக்கே திரும்பினார். அந்தத் தடங்களைத்தான் நான் இப்போதும் கேட்கிறேன்.

யாரோ தங்கள் பாட்டைப் புதிதாக மாற்றிச் செய்துதரச் சொல்லி பாப்பாவிடம் ரீமிக்ஸ் கேட்டிருப்பதாக எழுதினாயே, அதற்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014இல் ஒன்ரிபப்ளிக் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'ஐ லிவ்ட்' பாட்டுக்கு ஆர்ட்டி ஒரு ரீமிக்ஸ் செய்தார். நான்கு வருடம் கழித்து மார்ஷ்மெல்லோ என்ற டிஜேயும் பாஸ்டில் என்ற இசைக்குழுவும் சேர்ந்து செய்த 'ஹேப்பியர்' உலகமெங்கும் ஓடியது. அதில் இருப்பது தன் ரீமிக்ஸின் சின்தசைசர் மெட்டு என்று ஆர்ட்டி 2019இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். தோற்றார். ரீமிக்ஸுக்காகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாமே போட்ட மெட்டு நம்முடையதாக இல்லாமல் போவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் பாப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்பிவை. என் மைத்துனர் வக்கீல்தானே, வரிக்கு வரி படித்துச் சொல்லச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்