கபுஸ்தின் பற்றி, ரவிக்கு

அன்புள்ள ரவி,

கடிதம் வந்தது. உன் மாணவிக்குக் கபுஸ்தினின் பியானோ எட்யூட்கள் (கை நுட்பத்துக்கென எழுதிய உருப்படிகள்) மீது ஆசை, ஆனால் ஜாஸ் தெரியாதே என்று பயப்படுகிறாள் என்கிறாய். அவள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

நிகலாய் கபுஸ்தின் 1937-ல் உக்ரைனின் ஹோர்லிவ்காவில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ கலைஞர் கோல்டன்வைசரிடம் படித்தார். அந்த ஆசிரியர் ரஷ்ய மேதைகள் ரஹ்மானினவும் ஸ்க்ரியாபினும் வாசித்ததை நேரில் கேட்ட தலைமுறை. 1961-ல் படிப்பு முடிந்ததும் சிஷ்யர் போய் உட்கார்ந்த இடம், அலேக் லுண்ட்ஸ்ட்ரெமின் பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் இசைக்குழு! அங்கே பதினொரு வருஷம். பிறகு வேறு இசைக்குழுக்கள், கடைசியாகத் திரைப்பட ஆர்க்கெஸ்ட்ரா. 1984-க்குப் பிறகு எழுத்து வேலை மட்டும்தான். 2020-ல் இறந்தபோது 20 பியானோ சொனாட்டா, 6 பியானோ கன்சர்டோ உட்பட ஓபஸ் எண் (படைப்பு வரிசை எண்) 160-ஐத் தாண்டியிருந்தது. உன் மாணவி கேட்கும் எட்டு எட்யூட்கள், ஓபஸ் 40, அந்த 1984-ல் வந்தவை.

இவ்வளவு இருந்தும் தன்னை ஜாஸ் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. மனோதர்மத்தில், அதாவது அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பதில், அவருக்கு நாட்டம் கிடையாது. கேட்டால் அந்த நிமிஷம் பிறந்த மாதிரி இருக்கும், ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கும். மேடையில் பிறக்கும் கல்பனாஸ்வரம் மாதிரி ஒலிக்கிற, முன்பே எழுதிவைத்த சிட்டைஸ்வரம் என்று வைத்துக்கொள். ஆகவே அவள் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். திருத்த வேண்டியது காலப்பிரமாணத்தை.

எல்லோரும் செய்கிற தப்பு, ஸ்விங் (ஜாஸின் ஊசல் நடை) என்று நினைத்துச் செமிகுவேவர்களை (கால் தட்டு நீளமுள்ள சுரங்களை) நொண்ட வைப்பது. வேகமான எட்யூட்களில் அவை சமமாக ஓட வேண்டும். ஜாஸ் வாசனை வருவது தட்டுக்கு வெளியே விழும் அழுத்தத்தாலும், பாரின் (தாளச் சுற்றின்) எல்லைக் கோட்டைத் தாண்டி நீளும்படி கட்டிய சுரங்களாலும்தான். க்ராட்செட் (ஒரு தட்டு நீளமுள்ள சுரம்) நிமிஷத்துக்கு 80 என்று எடுத்துக்கொண்டு, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 40-ல் வை. அந்தத் தட்டு பாரின் 2-லும் 4-லும் விழுவதாக எண்ணி வாசிக்கட்டும். நடுவில் அது 1, 3 மாதிரிக் கேட்க ஆரம்பித்தால், எங்கேயோ ஒரு கட்டு சுரத்தைக் குறுக்கிவிட்டாள். ஒன்றிரண்டு பார் பின்னால் போய்த் தேடு, அகப்படும்.

ஷோபான் இசையை வாசித்துப் பழகிய கை வேறு. சங்கதி முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுக்கும். இங்கே டிரம்ஸும் பாஸும் இடது கைதான், அது தயங்கினால் குழுவே நின்றுபோகும். இடது கையை மட்டும் பெடல் இல்லாமல் ஒரு வாரம் வாசிக்கச் சொல். பெடலையும் பிறகு கஞ்சமாகவே கொடு. ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்களும் சேர்ந்த கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கொத்துகள்) ஏற்கெனவே கனமானவை, பெடல் போட்டால் குழம்பாகிவிடும்.

மனப்பாடத்தில்தான் மேடையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே உரு திரும்பி வரும், ஆனால் ஒரு சுரம் மாறி வரும். விரல் ஞாபகத்தை மட்டும் நம்பினால் அங்கே பாதை தவறிவிடும். ஒவ்வொரு பாருக்கும் மேலே பென்சிலால் கார்டு பெயரை எழுதவை. இரண்டாம், ஐந்தாம், முதலாம் கார்டுகள் அடுத்தடுத்து வரும் ஜாஸ் நடை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். இதற்கு ஜாஸ் இலக்கணம் கொஞ்சம் வேண்டும்தான், அவ்வளவு போதும்.

முதல் எட்யூடைத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவார்கள், பளபளப்பு அப்படி. நான் ஓபஸ் 100 சொனாட்டினாவில் (சிறிய சொனாட்டா) தொடங்குவேன். ஏழாவது எட்யூட் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அதில் இரட்டைத் தேர்ட்ஸ் (மூன்று சுர இடைவெளியில் இரண்டு சுரங்களை ஒரே கையால் சேர்த்து வாசிப்பது) நிறைய, தப்பான விரல் அமைப்போடு பழகினால் முன்கை இறுகிப்போகும். ஓபஸ் 40, 100 இரண்டையும் பியானோ கலைஞர் மார்க்-ஆந்த்ரே ஆம்லன் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கபுஸ்தின் தானே வாசித்த பதிவுகளை முதலில் கேட்கட்டும்.

அவள் இடது கை எவ்வளவு விரியும், ஒன்பது வெள்ளைக் கட்டையா பத்தா? அளந்து எழுது. பத்து எட்டாவிட்டால் கீழேயுள்ள பாஸ் சுரத்தைக் கணநேரம் முன்னால் தொட்டு, மேல் சுரத்தைத் தட்டில் விழ வைக்க வேண்டும். அதற்கேற்ற விரல்களைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுந்தர்