நீரேந்துப் பகுதிக் குழுக்களுக்கு ஒருநாள் செயலமர்வு போதாது, கூடவே நிக்கிற ஆள் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மாரி தொடங்கப் போற நேரம் பேப்பர்ல அடிக்கடி ஒரு செய்தி வரும், குளத்தடியில மரக்கண்டு நட்டாங்க, நீரேந்துப் பகுதி, அதாவது குளத்துக்கும் ஆத்துக்கும் மழைத்தண்ணி வடிஞ்சு வாற மேல் நிலம், அதுக்குப் பாதுகாப்புக் குழு அமைச்சாங்க, ஒருநாள் பயிற்சி குடுத்தாங்க எண்டு. நல்ல விசயம், அதச் செய்யிறவங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேணும். ஆனா அந்தக் குழு அடுத்த மாரிக்கும் உயிரோட இருக்கா எண்டு ஆராவது போய்ப் பாத்து எழுதினத நான் இதுவரைக்கும் வாசிக்கல்ல. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில வெள்ளாமை செய்யிறவன், கமக்காரர் அமைப்புல கனகாலமா இருக்கிறவன், குழு உண்டாகுறதையும் பிறகு சத்தமில்லாமக் கலைஞ்சு போறதையும் கண்ணால பாத்தவன், அதாலதான் இத எழுதுறன்.

எங்கட மாவட்டத்துக்கு வருசத்துக்கு ஏறக்குறைய 1600, 1700 மில்லிமீற்றர் மழை கிடைக்குது, அதுல பெரும்பங்கு ஐப்பசிக்குப் பிறகு தை மாசத்துக்குள்ள கொட்டி முடிஞ்சிடும், கச்சான் காத்து, அந்தத் தென்மேல் காத்து, அடிக்கத் தொடங்கினா புரட்டாதி வரைக்கும் குளத்துல தேங்கினதுதான் கதி. சிறுபோகம் எண்ட கோடை வெள்ளாமையும் அதுலதான், மாடும் அதுலதான், மட்டக்களப்பு டவுண் குடிக்கிறதும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணியத்தான், வவுணதீவுல சுத்திகரிச்சுக் குழாயில போகுது. ஆனா இந்தத் தண்ணி எங்க இருந்து வருது எண்டு பாத்தா முந்தனையாத்துக்கு அம்பாறை மாவட்டத்து மகாஓயாப் பக்கத்தால இறங்கி வருது, மாதுறு ஓயா இன்னும் தூரம், ஊவா மலையில இருந்து வருது. மாவட்டச் செயலகம், நாங்க சொல்லுற கச்சேரி, அதுட எல்லை ஆத்துக்குத் தெரியாது. மேல காடு வெட்டினா, கிறவல் மண் தோண்டினா, சரிவுல காட்டை எரிச்சுச் சேனைப் பயிர் போட்டு மண்ணைத் திறந்து விட்டா அந்த மண் எங்கட குளத்துலதான் வந்து படியும், குளத்துல மண் படிஞ்சா தண்ணி பிடிக்கிற அளவு குறையும், மாரியில வேளைக்கே நிரம்பி வான் வழியா மிச்சத் தண்ணி பாயும், கோடையில வேளைக்கே வத்தும். வெள்ளமும் வறட்சியும் ரெண்டு பிரச்சினை எண்டு நாங்க தனித்தனியா நிவாரணம் கேக்கிறம், ரெண்டுக்கும் பாதிக் காரணம் ஒரே இடத்துல கிடக்கு.

குளம் தூர்ந்து போச்சு, பெக்கோ மெசின் போட்டுத் தோண்டித் தாங்க எண்டு எல்லாக் கூட்டத்துலயும் கேக்கிறம், நானும் கேட்டிருக்கன். தோண்ட வேண்டிய குளம் இருக்கு, மறுக்கல்ல. ஆனா மேல சரிவு மொட்டையாக் கிடக்கக் கீழ தோண்டுறது ஓட்டைச் சாக்குல நெல் கட்டின மாதிரித்தான், சில மாரியில திரும்பவும் மண் வந்து நிரம்பிடும், பிறகும் அதே கோரிக்கையோட அதே கச்சேரிக்குப் போகவேண்டியதுதான். மேல இருக்கிற சரிவையும் ஓடைக் கரையையும் ஆராவது வருசம் முழுக்கப் பாத்துக்கொள்ள வேணும். திணைக்களத்து ஆக்களால அது ஏலாது, ஒரு உத்தியோகத்தருக்கு எத்தினை குளம் எண்டு அவங்களக் கேட்டாலே தெரியும். அங்க இருக்கிற சனந்தான் பாக்க ஏலும், ஆனா அந்தச் சனத்துக்குப் பழக்கிக் குடுக்க வேணும், பழக்கிப்போட்டு விட்டுட்டுப் போகக் கூடாது.

இது நடக்கிற காரியமா எண்டு கேக்கிறவங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்ல, பக்கத்து அம்பாறை மாவட்டத்துல பட்டிப்பளையாறு இருக்கு, கல்லோயா எண்டா எல்லாருக்கும் விளங்கும். இங்கினியாகலையில சேனாநாயக்க சமுத்திரம் கட்டி இடதுகரை வலதுகரை எண்டு வாய்க்கால் வெட்டி முப்பது வருசத்துக்குள்ளயே வாய்க்கால் எல்லாம் உடைஞ்சு, கதவு களவு போய், கடைவாய்க்காலுக்குத் தண்ணி எட்டாத நிலைமை வந்திட்டுது. 1981ல கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவுல இருக்கிற கோர்னெல் பல்கலைக்கழகமும் சேந்து ஒரு வேலை செய்தாங்க, படிச்ச இளம் பிள்ளைகளத் தெரிஞ்சு சில கிழமை பயிற்சி குடுத்து இடதுகரைக் கிராமங்களுக்குள்ளயே குடியிருக்க விட்டாங்க, அமைப்பாளர்கள் எண்டு பேர். அந்தப் பிள்ளைகள் போனதும் போகாததுமாச் சங்கம் பதியவும் இல்ல, தலைவர் செயலாளர் தெரிவு வைக்கவும் இல்ல. வீடு வீடாப் போய்க் கதைச்சு ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிற பத்துப் பதினைஞ்சு பேரைச் சேத்து முதல்ல வாய்க்காலத் துப்பரவாக்குங்க, தண்ணிய முறை வைச்சு விடுங்க எண்டு வேலையில இறக்கினாங்க, வேலை ஓடத் தொடங்கினாப் பிறகுதான் பிரதிநிதி, அதுவும் வாக்குப் போட்டு இல்ல, எல்லாரும் ஒத்துக்கொண்ட ஆள். அந்தச் சிறுபோகத்துல சமுத்திரத்துல ஏறக்குறைய கால்வாசித் தண்ணிதான், சண்டை வரும் எண்டுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க, நடந்தது மற்றப் பக்கம். மேல தலைவாய்க்கால்ல இருந்த சிங்களக் கமக்காரர் தங்கட பங்கைச் சிக்கனமா எடுத்துக் கீழ கடைசியில இருந்த தமிழ்க் கமக்காரருக்குத் தண்ணி விட்டாங்க. நாட்டுல இனப் பிரச்சினை கொதிச்சுக்கொண்டு கிடந்த காலம் அது. எனக்கு இத வாசிக்கக்குள்ள நெஞ்சு நிறைஞ்சுது, ஏனெண்டா முந்தனையாத்துக்கும் இதேதான் வேணும், மேல மகாஓயாவுல இருக்கிற கமக்காரரோட கீழ கிரானுல இருக்கிற கமக்காரர் ஒரு மேசையில இருக்கவேணும், இண்டைக்கு வரைக்கும் அப்பிடி நிரந்தரமா ஒரு மேசை எங்களுக்கு இல்ல.

கல்லோயாவுல பிழைச்சதும் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். அந்த அமைப்பாளர் பிள்ளைகளுக்கு வேலை நிரந்தரம் இல்ல, டீச்சர் வேலை கிடைக்கக் கிடைக்க விட்டுட்டுப் போனாங்க, ஆரு அவங்களக் குறை சொல்ல ஏலும்? ஆள் மாற மாறக் கிராமத்துல திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கவேண்டி வந்தது. பிறகு 1988ல பங்கேற்பு முறை நீர் முகாமைத்துவம் எண்டு அரசாங்கமே கொள்கையா எடுத்தது, 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்துல கமக்காரர் அமைப்புக்கு இடமும் இருக்கு. சட்டம் வந்திட்டுது, கொள்கை வந்திட்டுது, கிராமத்துக்குள்ள இருந்து கூட நடக்கிற அந்த ஆள்தான் இல்லாமப் போயிட்டார்.

பயிற்சி எண்டா என்ன படிப்பிக்கிறது எண்டும் யோசிக்க வேணும். மண்டபத்துல புரொஜெக்டர் போட்டு காலநிலை மாற்றம் எண்டு ரெண்டு மணித்தியாலம் கதைச்சு மதியச் சாப்பாட்டோட முடிக்கிறதால ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. மழைமானி வைச்சு ஒவ்வொரு நாளும் காலமை வாசிச்சுக் கொப்பியில எழுதப் பழக்கலாம், குளத்து அளவுகோலையும் அப்பிடித்தான். மழை பெய்யக்குள்ள குளத்துக்கு வாற ஒவ்வொரு ஓடையிலயும் ஒரு போத்தல் தண்ணி எடுத்து ஒரு இரவு வைச்சா எந்தப் போத்தல்ல மண் கூடப் படியுது எண்டு பாக்கலாம், மண் எந்தப் பக்கத்தால வருது எண்டு கண்டுபிடிக்க அதுக்கு மேல பெரிய விஞ்ஞானம் தேவையில்ல. குளக்கட்டுல கசிவு வந்தா தெளிஞ்ச தண்ணியா கலங்கின தண்ணியா எண்டு பாக்கத் தெரிய வேணும், தெளிஞ்சதெண்டா கவனிச்சுக்கொண்டு இருக்கலாம், கலங்கி வந்தா கட்டுக்குள்ள மண் அரிச்சு வெளிய வருது, உடனே அறிவிக்க வேணும், இந்த ஒரு விசயம் தெரிஞ்ச பத்துப் பேர் ஒவ்வொரு குளத்துக்கும் இருந்தாலே பெரிய காரியம். மரம் நடுறதுலயும் அப்பிடித்தான், மருது, வம்மி எல்லாம் ஆத்தங்கரைக்கும் குளத்து மேற்பக்கத்துக்கும் நல்லம், குளக்கட்டுக்கு மேல நட்டா வேர் போய்க் கட்டையே பழுதாக்கிடும், படம் எடுக்க வசதியெண்டு கட்டுல நட்ட கண்டுகளையும் நான் கண்டிருக்கன்.

மணல் விசயத்தத் தனியாச் சொல்ல வேணும். கோடையில எங்கட பக்கத்துப் பெண்டுகள் ஆத்து மணல்ல பூவல் எண்டு சின்னக் கிடங்கு தோண்டித் தண்ணி எடுக்கிற வழக்கம், மணல்தான் தண்ணியப் பிடிச்சு வைச்சிருக்கிறது. மணலை அளவுக்கு மிஞ்சி அள்ளினா ஆத்துப் படுகை தாழும், பூவல் வத்தும், கரை இடிஞ்சு விழும், அணைக்கட்டுக்கு அடியில அரிக்கும், வாவிப் பக்கமா உப்புத் தண்ணி மேல ஏறி வயல் வட்டைக்குள்ள வரும். பேர்மிட் குடுக்கிறது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், ஆனா அந்த பேர்மிட்டுல என்ன எழுதியிருக்கு, எவ்வளவு கியூப், எந்த இடம் எண்டு கிராமத்துக் குழுவுக்கு வாசிச்சுப் பாக்கத் தெரியாட்டி அவங்களால ஒண்டும் கேக்க ஏலாது. முறைப்பாட்ட எப்பிடி எழுதுறது, திகதியும் இடமும் தெரியப் படம் எப்பிடி எடுக்கிறது, ஆருக்கு அனுப்புறது, பிரதி ஆருக்கு, இதுவும் பயிற்சிதான், சொல்லப்போனா மரம் நடுறதுக்கு முதல் படிப்பிக்க வேண்டியது இதுதான். தனி ஆளா நிண்டு மணல் டிரக்டரை மறிக்கிறவனுக்கு என்ன நடக்கும் எண்டு ஊருக்குத் தெரியும், அதால குழுவாத்தான் நிக்க வேணும், பின்னால பிரதேச செயலகம் நிக்குது எண்டு தெரியவும் வேணும்.

குழுவுல ஆர் இருக்கிறது எண்டதுலயும் எனக்கு ஒரு கருத்து இருக்கு. கமக்காரர் அமைப்பையே பேர் மாத்தி நீரேந்துக் குழு எண்டு வைக்கிறாங்க, நான் கமக்காரனா இருந்துகொண்டே சொல்லுறன், அது போதாது. வயல் இல்லாதவங்களுக்கு அதுல இடமில்ல, பூவல்ல தண்ணி எடுக்கிற பெண்டுகள் இல்ல, மேல காட்டுப் பக்கம் மாடு கொண்டுபோற பண்ணையாளர் இல்ல, வாவியில வலை போடுற மீனவர் இல்ல. மேல அரிச்ச மண் கடைசியா வந்து சேருறது வாவியிலதான். வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுற நேரம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வயல்காரன் ஒரு பக்கம் மீன்காரன் ஒரு பக்கம் இழுபடுறம், ரெண்டு பேரும் வருசம் முழுக்க ஒரு குழுவுல இருந்திருந்தா அந்த நேரம் கதை வேற மாதிரி இருக்கும். கணக்குக் கொப்பிய மாதர் சங்கத்துப் பிள்ளைகள்ட குடுங்க, எங்கட ஊர்ல ஒழுங்காக் கணக்கு வைக்கிறவங்க அவங்கதான்.

2011 சனவரி வெள்ளத்துல மாவட்டத்துல அரைவாசிக்கு மேல சனம் பாதிக்கப்பட்டது. 2024 நவம்பர்ல பக்கத்து அம்பாறை மாவட்டத்துல காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டுல மதரசாப் பிள்ளைகள் போன டிரக்டரை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனத நினைச்சா இப்பவும் மனம் பதறுது. கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுல மாரிக்கு மாரி படகுல சனம் போய் வருது. மேல எவ்வளவு மழை பெய்தது, ஆறு எவ்வளவு ஏறிட்டுது எண்டு மேல் கிராமத்துல இருந்து கீழ் கிராமத்துக்குப் போன்ல சொல்ல ஒரு பழக்கப்பட்ட ஆள் இருந்தா சில மணித்தியாலம் மிச்சம் கிடைக்கும். அந்த ஆளுக்குச் சிங்களமும் தெரிய வேணும், இல்லாட்டி மகாஓயாவுல இருந்து வாற சேதி அங்கயே நிண்டிடும்.

நான் கேக்கிறது பெரிய காசு இல்ல. ஒவ்வொரு ஆத்துக்கும் ஊர்ல இருந்தே தெரிஞ்செடுத்த ரெண்டு மூண்டு அமைப்பாளர், ஆணும் பெண்ணுமா, குறைஞ்சது அஞ்சு வருசத்துக்குச் சம்பளம் உறுதியா, இடையில கையை விடாம. வருசத்துக்கு ரெண்டு தரம் பயிற்சி, மாரிக்கு முதல் ஒண்டு வெள்ளம் வடிஞ்சாப் பிறகு ஒண்டு, மண்டபத்துல இல்ல, குளக்கட்டுலயும் ஆத்தங்கரையிலயும். வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகத்து விவசாய பீடம் இருக்கு, அந்தப் பிள்ளைகள் தங்கட ஆய்வுக்கு எங்கட மழைக் கொப்பியப் பாவிக்கட்டும், எங்களுக்குப் பிழை திருத்தித் தரட்டும். மழைமானி, மண்வெட்டி, மழைக்கோட்டு, போனுக்கு டேட்டா, இதுகளுக்குச் சின்னதா ஒரு நிதி, ரெண்டு பேர் கையெழுத்து வைச்சு எடுக்கிற பாங்க் கணக்குல, கணக்கை மாசா மாசம் கோயிலடியிலயோ பள்ளியடியிலயோ ஒட்டட்டும்.

பெரும்போகம் எண்ட மாரி வெள்ளாமைக்கு ஆரம்பக் கூட்டத்துல விதைப்புத் திகதி, தண்ணி விடுற திகதி, மாடு அப்புறப்படுத்துற திகதி எல்லாம் தீர்மானிக்கிறம். இந்த வருசம் மட்டக்களப்புக் கூட்டத்துக்கு மேல் பக்கத்துக் கமக்காரர் பிரதிநிதிகளையும் அம்பாறை நீர்ப்பாசனத் திணைக்கள ஆக்களையும் கூப்பிட்டு, மொழிபெயர்ப்புக்கு ஒரு ஆளையும் வைச்சு, முந்தனையாத்துக்கு ஒரு பொதுக் குழு அமைக்கிறதுக்கும் அமைப்பாளர் சம்பளத்துக்கும் ஒரு தீர்மானம் எடுக்கச் சொல்லி மாவட்டச் செயலாளரை உங்கட பேப்பர் மூலமாக் கேட்டுக்கொள்ளுறன். எங்கட அமைப்புல இருந்தும் இதே கோரிக்கைய எழுத்துல குடுக்கப் போறம், மற்ற வட்டைகளும் குடுத்தா நல்லம்.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பு உறுப்பினர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.