பந்தைப் பார்த்ததே இல்லை

அன்புள்ள நண்பா,

முழங்கால் அறுவை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. படி இறங்கும்போது மட்டும் அவசரப்படாதே.

ஹேண்ட்பால் பயிற்சியாளர் வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். கோல்கீப்பராக ஆடி ஓய்ந்தவன், தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதில் என்ன சிரமம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பெண் கேட்டாள்: "சார், பந்து எந்தப் பக்கம் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" வாயடைத்துப் போனேன். பதினெட்டு வருஷமாகக் கையும் காலும் செய்த வேலைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. அன்றிரவு அறையில் கைகளை விரித்து நின்று, எதிரே ஒருவன் எம்பிக் குதிப்பதாக நினைத்துப் பார்த்தேன். பந்து அவன் கையை விட்டுப் புறப்படும்வரை நான் பந்தைப் பார்த்ததே இல்லை. அவன் தோளையும் முழங்கையையும்தான் பார்த்திருக்கிறேன்!

அந்தப் பெண்ணுக்கு வேறொரு சிக்கல். பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரக் கோல். கையில் உறைகூடக் கிடையாது. ஆறு மீட்டர் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து வந்து எறிகிறார்கள். எனக்கு முகத்தில் அடிபட்ட அன்று "எழுந்து நில்" என்ற ஒரு சொல்தான் கிடைத்தது, நினைவிருக்கிறதா? 2022 முதல், தடையில்லாமல் எறிபவர் கீப்பரின் தலையில் அடித்தால் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். அந்த விதி வந்தபோது மனம் நிறைந்துபோனது. அவளிடம் தைரியமாக இரு என்று நான் சொல்லவில்லை. மென்மையான பந்துகளில் எண் எழுதி மெதுவாக எறிந்தேன். தடுத்துவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் "ஏழு!" என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன ஆட்டத்தில் நிறைய கோல் விட்டுவிட்டு அழுதாள். மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே நல்ல கீப்பர், பிரான்ஸின் பெரிய கீப்பர் தியரி ஒமேயரே தடுத்ததைவிட விட்டதுதான் அதிகம் என்றேன். 1990இல் ஸ்வீடன் அணியில் ஆடி உலகக் கோப்பை வென்ற கீப்பர் மாட்ஸ் ஓல்சன் பிற்பாடு நார்வே பெண்கள் அணியின் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரும் என்னைப் போல வார்த்தை தேடியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இடது விங்கிலிருந்து, அந்த ஓரத்திலிருந்து, குதிப்பாயே, எறியுமுன் என்னிடம் எதைப் பார்ப்பாய்? காலையா, கையையா? யோசித்து எழுது. அடுத்து அவளுக்கு விங் பந்துகளைத்தான் சொல்லிக்கொடுக்கப்போகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய கீப்பர்