சாசருக்கு முன்னால் எழுநூறு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில இலக்கிய வரலாற்றை அறிமுகம் செய்யும் தொடரின் முதல் பகுதியைச் சென்ற இதழில் படித்தேன். தமிழில் இப்படி ஒன்று வருவது மகிழ்ச்சி. ஆனால் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரில் தொடங்கிவிட்டீர்களே! அவருக்கு எழுநூறு ஆண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் பாட்டு இருந்தது. கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன், மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் கேட்மன் ஒரு மாட்டுக்காரர். வட இங்கிலாந்தின் விட்பி மடத்தில் இருந்தவர். விருந்தில் யாழ் கைமாறித் தன் பக்கம் வருவதைப் பார்த்தாலே, பாடத் தெரியாத வெட்கத்தில் எழுந்து போய்விடுவாராம். அப்படிப் போய்த் தொழுவத்தில் படுத்த ஓர் இரவு, கனவில் யாரோ வந்து பாடச் சொல்ல, உலகம் படைக்கப்பட்டதைப் பற்றிப் பாட்டு வந்தது. 731இல் பீட் என்ற துறவி இதை லத்தீனில் எழுதினார். அவர் நூலைப் படியெடுத்தவர்கள் பாட்டின் ஒன்பது ஆங்கில வரிகளையும் சேர்த்து எழுதி வைத்தார்கள்.

அதில் ஒரு வரியை வகுப்பில் சத்தமாகச் சொல்வேன்: 'மெயொதொதெஸ் மெயாஹ்தெ ஒந்த் ஹிஸ் மோத்யெதாங்க்.' படைத்தவனின் வல்லமையும் அவன் உள்ளத்து எண்ணமும் என்று பொருள். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் மகரம் மூன்று முறை விழுந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து 'மோனை, சார்!' என்று குரல் வரும். நம் இலக்கணப்படி அது முழுசாகப் பொருந்தாது, சரி. ஆனாலும் பழைய ஆங்கிலக் கவிதை நின்றது இந்த முதலெழுத்து ஓசையில்தான். வரிக் கடைசியில் வரும் இயைபில் அல்ல.

அதே பழைய ஆங்கிலத்தில் 3,182 வரி கொண்ட 'பியோவுல்ஃப்' காவியத்துக்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் உண்டு. 1731இல் அது இருந்த லண்டன் மாளிகையில் தீப்பிடித்தது. படி தப்பியது, கருகிய ஓரங்கள் மட்டும் அப்புறமும் உதிர்ந்துகொண்டே இருந்தன. தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1787 வாக்கில் ஆள் வைத்து ஒரு நகல், தன் கையால் ஒரு நகல் எடுத்தார். இன்று ஏட்டில் இல்லாத எழுத்துகள் பலவற்றை அந்த நகல்களில்தான் படிக்கிறோம்.

1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவை மொழி பிரெஞ்சு ஆனது. அந்தச் சொற்களெல்லாம் கலந்து மாறிப்போன ஆங்கிலத்தில்தான் சாசர் எழுதினார். பழையதைக் காட்டாவிட்டால் அவர் காலத்து மாற்றம் வாசகருக்கு எப்படித் தெரியும்?

ஷேக்ஸ்பியருக்குப் போகுமுன் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
தஞ்சாவூர்