மிரட்டும் முகமா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழங்காலப் படைக்கலங்கள் பற்றி வந்த கட்டுரையில், ரோமானியக் குதிரைப்படையினரின் முகமூடித் தலைக்கவசம் ஒன்றை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. அதன் கீழே இருந்த 'எதிரியைக் கதிகலங்க வைக்க ரோமானியர்கள் கண்டுபிடித்த போர் முகமூடி' என்ற வரியோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் அந்த முகத்தைப் பாருங்கள். மீசை தாடி அரும்பாத இளைஞன். நெற்றியில் அடுக்கடுக்காகச் சுருள்முடி. முகத்தில் கோபம் துளியும் இல்லை. இங்கிலாந்தின் கும்பிரியா பகுதியில், கிராஸ்பி காரெட் என்ற ஊரருகே 2010-இல் உலோகங்காட்டிக் கருவியோடு வயலில் தேடிய ஒருவருக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது இது. முகத்துக்கு வெள்ளீயம் பூசி வெள்ளிபோல் பளபளக்க விட்டு, தலைப்பகுதியைப் பித்தளை நிறத்திலேயே வைத்திருக்கிறார்கள். முன்புறம் வளைந்த அந்தக் குல்லாய் ஃபிரிஜியக் குல்லாய். கிரேக்க, ரோமானியக் கலையில் கீழைத்தேசத்தவருக்கு அணிவிப்பது. உச்சியில் ஒரு கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) வேறு உட்கார்ந்திருக்கிறது. மிரட்ட நினைப்பவன் இத்தனை அலங்காரத்துக்கா மெனக்கெடுவான்?

இவை எதற்குப் பயன்பட்டன என்று எழுதி வைத்த ஆளே இருக்கிறார். இன்றைய துருக்கியில் இருந்த ரோமானிய மாகாணமான கப்படோக்கியாவின் ஆளுநராக இருந்த அர்ரியன், கி.பி. 136 வாக்கில் எழுதிய படைப்பயிற்சி நூலில் குதிரைவீரர்களின் விளையாட்டுப் போட்டிகளை விவரிக்கிறார். உயர்பதவியில் இருப்பவர்களும் சவாரியில் தேர்ந்தவர்களும் பொன்முலாம் பூசிய இரும்பு அல்லது வெண்கலத் தலைக்கவசம் அணிவார்கள். போருக்கான கவசம் தலையையும் கன்னத்தையும் மட்டும் காக்கும், இதுவோ கண்ணுக்கு மட்டும் திறப்பு விட்டு முகம் முழுவதையும் மூடும் என்று பிரித்தே சொல்கிறார். உச்சியில் மஞ்சள் குஞ்சம். அதுவும் அழகுக்குத்தான் என்கிறார். கேடயம் லேசானது, எறியும் ஈட்டிக்கு இரும்பு முனை கிடையாது. பார்க்கிறவர்கள் வாய்பிளக்க நடத்திய காட்சி அது.

அதற்காக, போர்க்களத்துக்கே போகவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஜெர்மனியின் கால்க்ரீசே மண்ணில் 1990-இல் ஒரு முகமூடி கிடைத்தது. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லெகியன்கள் (பெரும் படைப்பிரிவுகள்) ஜெர்மானியப் பழங்குடியினரிடம் தோற்று அழிந்த போரோடு சேர்த்துப் பேசப்படும் இடம் அது. இரும்பு முகத்தின் மேல் போர்த்தியிருந்த வெள்ளித் தகட்டை வென்றவர்கள் உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சிரியாவின் எமெசாவில், அதாவது இன்றைய ஹோம்ஸில், 1936-இல் கல்லறையிலிருந்து எடுத்த தலைக்கவசமும் இரும்பில் செய்து வெள்ளி போர்த்தியதுதான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். கண்ணுக்கான பிளவு குறுகல் என்பதால், பார்வை கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்று அதன் கீழே சிறு துளைகள் இட்டிருக்கிறார்கள். வெறும் அலங்காரம் என்றால் இந்தக் கவலை எதற்கு? ஜெர்மானிய ஆய்வாளர் மார்க்குஸ் யுங்கல்மான், மாதிரிகள் செய்து அணிந்து குதிரையேறிப் பார்த்துவிட்டு, சண்டைக்கும் இவை உதவியிருக்கும் என்ற பக்கம் சாய்ந்தார். அர்ரியன் காலத்துக்கு நூறாண்டு முந்தைய பழக்கம் வேறாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தலைக்கு ஒரு பாதி, முகத்துக்கு ஒரு பாதி. நெற்றியில் கீல் வைத்து முகத்தை மேலே தூக்கும்படி செய்வார்கள். காதுக்குக் கீழே தோல்வார் இழுத்துக் கட்டும்.

'ரோமானியர்கள் கண்டுபிடித்த' என்பது அடுத்த சிக்கல். இன்றைய துருக்கியில் இருந்த கிரேக்க நகரமான பெர்கமோனில் அதீனா கோயில் வளாகத்தின் கற்சிற்பங்களில், குவித்து வைத்த ஆயுதங்களுக்கு நடுவே முகமூடித் தலைக்கவசம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அது கி.மு. 2-ஆம் நூற்றாண்டு, அங்கே ரோமானிய ஆட்சி வருவதற்கு முந்தையது. இன்றைய பல்கேரியாவை ஒட்டிய திரேஸ் நாட்டுப் பிரபுக்களின் கல்லறைகளிலும் இவை கிடைத்துள்ளன. திரேசியர்களோ ரோமுக்குக் குதிரைவீரர்களை அனுப்பியவர்கள். ஆக, கிரேக்க உலகில் முளைத்து, துணைப்படைகளின் வழியே ரைன் கரைக்கும் பிரிட்டனுக்கும் போயிருக்க வேண்டும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இறந்த முன்னோரின் முகத்தை மெழுகில் எடுத்து வைக்கும் ரோமானிய வழக்கத்தோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. நீங்கள் படம் போட்ட கவசம் அருங்காட்சியகத்தின் உடைமை அல்ல. அன்றைய பிரிட்டன் சட்டப்படி தனியாகக் கிடைத்த வெண்கலப் பொருள் 'புதையல்' கணக்கில் வராது. அதனால் 2010 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்துத் தனியார் ஒருவர் வாங்கிப் போய்விட்டார். கார்லைல் நகர அருங்காட்சியகம் நன்கொடை திரட்டியும் எட்ட முடியவில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

திருத்தம் வெளியிட இடமிருந்தால் கால்க்ரீசே முகமூடியின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். வெள்ளி உரிக்கப்பட்டு இரும்பு தெரியும் அந்த முகத்துக்கு வேண்டுமானால் 'கதிகலங்க வைக்கும்' என்ற வரி ஓரளவு பொருந்தும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.