கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அக்காவுக்கு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் பச்சை ஸ்வெட்டரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, உங்கள் பேர் தெரியாது. நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. குஞ்சப்பனை வளைவுகளில் குமட்டல் வேறு. நீங்கள் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் கையில் வைத்தீர்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தீர்களாம். “சாப்பிட்டுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து எண்ணு கண்ணு. 2 மணி நேரத்துல 10 அசைவு வரணும். குறைஞ்சா காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ” என்றீர்கள். வீட்டில் எல்லோரும் ‘பயப்படாதே’ என்பதோடு சரி. (அதைக் கேட்டாலே எரிச்சல்தான் வரும்.)

அம்மா இல்லாத நான் எப்படிப் பிள்ளை வளர்ப்பேன் என்று புலம்பினேன். “குளிப்பாட்ட யாருக்கும் முன்னாடியே தெரியாது, கை தானாப் பழகிடும்” என்று சிரித்தீர்கள். மனசு ரொம்பப் படுத்தினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடச் சொன்னதும் நீங்கள்தான். ஒரு ராத்திரி கூப்பிட்டேன். இலவசம், தமிழிலேயே பேசினார்கள்.

மகள் பிறந்து நலமாக இருக்கிறாள். குளிப்பாட்டுவது நான்தான். மாமியார் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறார்.